பாக்கியநாதன் எண்ணிய கைகள்

ஊரில் அதை வெள்ளைக்காரன் கோயில் என்றுதான் சொல்வார்கள். அதற்கு ஒரு பரிசுத்தவானின் பெயர் உண்டு. அந்தப் பெயர் சபையாருக்கே ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ஞாபகம் வரும்.

கோயமுத்தூருக்கு ரயில் வந்த புதிதில் கட்டிய கோயில். ரயில் அதிகாரிகளும், மலையிலிருந்து இறங்கிவரும் காப்பித் தோட்டக்காரர்களும், பின்னால் மில்லுக்கு இயந்திரம் பூட்ட வந்த இங்கிலீஷ் என்ஜினீயர்களும் ஆராதனை செய்வதற்காகக் கட்டியது. கருங்கல் சுவர், பர்மாத் தேக்குக் கூரை, கிழக்கே நீலமும் சிவப்புமாகக் கண்ணாடி ஜன்னல். காலராவில் செத்துப்போன ஒரு துரைசானியின் பெயர் பித்தளைத் தகட்டில் சுவரோடு இருந்தது. காலையில் இங்கிலீஷ் ஆராதனை துரைமார்களுக்கு. வெயில் தாழ்ந்தபின் தமிழ் ஆராதனை மற்றவர்களுக்கு.

சுதந்திரம் வந்து துரைமார்கள் கப்பல் ஏறினார்கள். கோயில் காலையும் மாலையும் தமிழ்ச் சபைக்கே என்று ஆயிற்று. ஆனால் அரண்மனையில் குடிவைக்கப்பட்ட ஏழைக் குடும்பம் மாதிரி, சபை அதில் முன்பெஞ்சுகள் சிலவற்றை மட்டும் நிரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கூரையில் கறையான் ஏறியது. ஐப்பசி மழைக்குப் பீடத்தின் முன்னால் வாளி வைத்தார்கள். வாளியில் சொட்டுகிற சத்தத்தோடு சேர்ந்து பாட்டுப் பாடவும் பழகிக்கொண்டார்கள்.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு கல்லூரி. மில் முதலாளி சென்னகிருஷ்ணன் தொடங்கியது. இன்டர்மீடியட் வரைக்கும்தான் இருந்தது. பி.எஸ்ஸி. வகுப்பு வேண்டும் என்று அவர் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தார். பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வந்தவர்கள் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, சாப்பாடு அருமை என்றார்கள். ஆனால் ரசாயனத்துக்குச் சோதனைச்சாலை எங்கே என்று கேட்டார்கள். ஒரு வருஷத்துக்குள் சோதனைச்சாலை இல்லாவிட்டால் அனுமதி இல்லை. ரசாயனப் பேராசிரியர் கோபாலசாமி மதிலுக்கு மேலாகக் கோயில் கூரையைப் பார்த்தார். உயரமான கூரை. எந்தப் புகையும் மேலே போய்விடும். பெரிய ஜன்னல்கள். முதலாளியின் காதில் போட்டார்.

சென்னகிருஷ்ணன் சபைக்குச் சொல்லி அனுப்பியது நியாயமாகத்தான் இருந்தது. கோயிலைக் கல்லூரிக்குக் கொடுத்தால், ஊருக்கு வெளியே கணபதியில் நிலம் தந்து, புதிதாக ஒரு கோயிலும் கட்டித் தருவார். மேலிடத்தில், சபையாருக்குச் சம்மதம் என்றால் தங்களுக்கும் சம்மதம் என்று சொல்லிவிட்டார்கள். போதகருக்கு நாலு சபை. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் இங்கே வருவார். ஆகவே சம்மதம் கேட்கிற வேலை சபைச் செயலாளர் பாக்கியநாதன் தலையில் விழுந்தது.

பாக்கியநாதன் ஒரு மில் ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. சட்டைக் கைகளை மணிக்கட்டு வரை பித்தான் போட்டிருப்பார். ஒரு பொய் சொல்லி யாரும் கேட்டதில்லை. இரண்டு பேர் சண்டை போட்டுக்கொண்டால், "செயலாளரய்யா சொல்றது எனக்குச் சம்மதம்" என்று இரண்டு பேருமே சொல்வார்கள். அவருக்கு ஒரே மகள், சுகிர்தம். சென்னையில் படித்து, ரசாயனத்தில் முதல் வகுப்பில் பி.எஸ்ஸி. தேறியவள். தேறி வந்தபின், எங்கேயும் வேலை அகப்படாமல் வீட்டில் இருந்தாள். யாராவது வந்தால் உள்ளே போய்விடுகிற சுபாவம்.

அந்தச் சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. முந்தின தலைமுறையில், யார் எந்தப் பெஞ்சில் உட்காருவது என்று கைதூக்கித் தீர்மானம் செய்தபோது, யார் யாருக்கு எதிராகக் கை தூக்கினார் என்று பார்த்துவைத்துக்கொண்டு இரண்டு குடும்பங்கள் பேச்சு வார்த்தையை விட்டுவிட்டன. அதற்கப்புறம் பெரிய விஷயம் எதுவானாலும் ஜெபத்தில்தான் முடிவு செய்வார்கள். எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்க வேண்டும். செயலாளர் ஒருவர் மட்டும் கண்ணைத் திறந்திருந்து எண்ணுவார். அடுத்தவன் கையைப் பார்க்காததனால் மனஸ்தாபம் கிடையாது. மற்றச் சபைகளுக்கு இந்த வழக்கத்தைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள்.

அறுவடைப் பண்டிகையான அறுப்பு நோம்பி அன்றைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று ஆயிற்று. அன்றுதான் எல்லாக் குடும்பமும் வரும்.

அன்று காலையில் பாக்கியநாதன் கண்ணாடி முன்னால் நின்று தலை சீவிக்கொண்டே மகளிடம் சொன்னார்.

"எல்லார்கிட்டயும் பேசிப்போட்டேன் அம்மணி. அத்தன பேருக்கும் சம்மதந்தான். கூரை என்னிக்கு விழுமோன்னு பயந்துட்டிருக்கறாங்க."

"ஞானசுந்தரி டீச்சருக்குமுங்களா?"

"டீச்சருக்குந்தான். நீயும் கையத் தூக்கிப்போடு கண்ணு. நான் மின்னால நிண்ணு பாக்கறப்ப, என்ற புள்ள கையே இல்லீன்னா எனக்கு எப்படி இருக்கும்?"

சுகிர்தத்துக்கு அந்தக் கோயிலைக் கொடுக்க மனம் இல்லை. சிறுமியாக இருந்தபோது பிரசங்கம் புரியாமல், சிவப்புக் கண்ணாடி வழியாக விழுகிற வெளிச்சத்தில் கையை வைத்து வைத்துப் பார்த்த இடம் அது. ஆனால் எல்லாருக்கும் சம்மதம் என்றபின் தன் ஒரு கையால் ஆகப்போவது என்ன? அப்பா மனசாவது நோகாமல் இருக்கட்டும் என்று நினைத்தாள்.

ஆராதனை முடிந்து ஏலம் நடந்தது. பூசணிக்காயும் வாழைத்தாரும் கரும்புக் கட்டும் காணிக்கையாக வந்து பீடத்தடியில் குவிந்திருந்தன. கணபதியில் லேத்துப் பட்டறை வைத்திருந்த சாமுவேல் ஒரு கோழியை விடாப்பிடியாக ஏலம் எடுத்து, காலைக் கட்டிப் பெஞ்சுக்கு அடியில் போட்டுக்கொண்டார். பிறகு பாக்கியநாதன் முன்னால் வந்து நின்றார். விஷயத்தைச் சொன்னார். ஜெபிப்போம் என்றார். எல்லாரும் கண்ணை மூடினார்கள். கோழி மட்டும் விழித்துக்கொண்டு கொக்கொக்கென்றது.

"கோயிலைக் கொடுக்கச் சம்மதிக்கிறவர்கள், கர்த்தருக்கு முன்பாகக் கையை உயர்த்துங்கள்."

சுகிர்தம் உயர்த்தினாள். கை சிறிது நேரம் மேலேயே நின்றது. கூரைத் தேக்கின் பழைய வாசனை வந்தது. "இறக்கிக்கொள்ளுங்கள்" என்று கேட்டதும் இறக்கினாள்.

பாக்கியநாதன் ஆமென் சொன்னார். எல்லாரும் கண்களைத் திறந்தார்கள். "சபையின் சித்தம் தெரிஞ்சுபோச்சுங்க," என்றார் அவர். "கொடுத்துருவோம்."

தையல்காரரின் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். சாமுவேல் தாம் ஏலம் எடுத்த கோழியை மறந்து போய்விட்டு, திரும்ப வந்து எடுத்துப்போனார்.

அடுத்த சித்திரைக்குள் வேலை முடிந்துவிட்டது. பெஞ்சுகள் மாட்டுவண்டியில் கணபதிக்குப் போயின. பீடம் இருந்த மேடையில் கோபாலசாமியின் மேஜை வந்தது. சுவரோரம் தொட்டிகளும் குழாய்களும் வைத்தார்கள். கல்யாணப் பெண்கள் முகத்தில் பவுடர் போட்டுக்கொண்டு காத்திருந்த சின்ன அறையில், அழுகின முட்டை நாற்றம் அடிக்கிற வாயு தயாரிக்கும் கண்ணாடிக் கருவி வந்து உட்கார்ந்தது. துரைசானியின் பித்தளைத் தகட்டை மட்டும், செத்தவர்கள் சமாச்சாரம் என்று யாரும் தொடவில்லை. அமிலப் புகையில் அது பச்சை பூத்தது.

ஜூன் மாதம் பி.எஸ்ஸி. வகுப்பு தொடங்கியது. பெண்களையும் சேர்த்தார்கள். பெண்களைச் சேர்த்ததனால் செய்முறை சொல்லித்தர ஒரு பெண் டெமான்ஸ்ட்ரேட்டர் வேண்டியிருந்தது. சுகிர்தத்துக்குக் கடிதம் வந்தது.

அப்பா அவள் தலையில் கையை வைத்தார். அம்மா ஜெபம் செய்தாள். தன் கோயிலிலேயே தனக்கு வேலை என்பது ஒரு விதத்தில் கர்த்தருடைய கிருபைதான் என்று சுகிர்தமும் எண்ணிக்கொண்டாள். முதல் நாள் உள்ளே நுழைகையில் பழக்கத்தினால் முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். அட்டெண்டர் ரசாக் சிரித்தார்.

"பரவால்லீங்கம்மா. நானே காலைல கதவத் தொறக்கறப்ப செருப்பக் கழட்டிப்போடறேன். ஒடம்புல பழகினது எங்கீங்க போகும்?"

வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. உப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால், இது இல்லை, இது இல்லை என்று ஒவ்வொன்றாகத் தள்ளி, கடைசியில் இதுதான் என்று வந்து நிற்பது அவள் மனசுக்கு ஒத்த காரியம். பேசவேண்டிய அவசியமும் குறைவு. மாணவர்கள் அவளைச் "சிஸ்டர்" என்றார்கள்; அதையும் பொறுத்துக்கொண்டாள்.

கணபதியில் புதுக் கோயிலும் வந்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பத்து மணிக்கு மேல் தலை வெந்தது. சுற்றிலும் லேத்துப் பட்டறைகள். ஞாயிற்றுக்கிழமையும் ஏதாவது ஒரு பட்டறையில் இரும்பைக் கடைந்துகொண்டிருப்பார்கள். போத்தனூர் ரயில்வேக் குடும்பங்கள் இவ்வளவு தூரம் வருவானேன் என்று போத்தனூர்ச் சபைக்கே போய்விட்டன. மிச்சம் இருந்தவர்களுக்குள்ளும் ஒட்டுறவு இல்லை. சாமுவேல் ஞானசுந்தரி டீச்சரோடு பேசுவதில்லை. டீச்சர் தையல்காரர் வீட்டுக்குப் போவதில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை.

காரணம் தெரியவந்தது பஸ்ஸில். ஞானசுந்தரி டீச்சர் மிஷன் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நாக்கு மட்டும் ஓய்வு பெறவில்லை. ஒரு நாள் சுகிர்தத்தின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"என்ன அம்மணி, பீடத்துல அடுப்பு பத்தவெக்கறீங்களாமா?"

"பீடத்துல இல்லீங்க டீச்சர். அங்க மேஜைதானுங்க இருக்குது."

"எதோ ஒண்ணு. அந்தச் சாமுவேலைச் சொல்லோணும். பட்டறைக்குப் பக்கத்துல கோயில் வந்தா சௌரியம்னு கையத் தூக்கிப்போட்டான் படுபாவி."

"நீங்க தூக்கலீங்களா?"

டீச்சர் திரும்பி அவளை முறைத்தார். "நானா? எனக்கு ஞானஸ்நானம் குடுத்த கோயில. என்ற கை அழுகிப்போகாது? உங்கப்பன் கேக்கறப்பவே சொல்லிப்போட்டேன், என்ற பொணம் போனதுக்கப்புறம் குடுத்துக்கங்கன்னு."

கேட்கிறபோதே சொல்லிவிட்டாராம். டீச்சருக்குந்தான் என்று அப்பா சொன்னதைச் சுகிர்தம் நினைத்துக்கொண்டாள். வயதானவர், எதையோ எதோடோ குழப்பிக்கொள்கிறார் என்று சமாதானம் செய்துகொண்டாள்.

அடுத்த ஞாயிறு சாமுவேலிடம் பேச்சு வாக்கில் கேட்டாள். சாமுவேல் சிரித்தார். "அம்மணி, ஞாயித்துக்கெழமை ஒரு நாளாவது இந்த லேத்துச் சத்தம் இல்லாம இருக்கலாம்னுதான் நான் டவுனுக்குக் கோயிலுக்கே வந்துட்டிருந்தேன். அந்தக் கோயிலக் கொண்டாந்து என்ற பட்டறை மின்னாலயே வெச்சுப்போட்டாங்க. நான் எதுக்குக் கை தூக்கறேன்? டீச்சரம்மா தூக்கியிருப்பாங்க. அவிய ஊடு இங்கதானே கட்டியிருக்கறாங்க."

தையல்காரரின் மனைவி, தான் தூக்கவில்லை, தன் புருஷனும் தூக்கியிருக்க மாட்டார் என்றாள். போத்தனூருக்குப் போன ஒரு குடும்பத்தை ரயில்வே ஸ்டேஷனில் பார்த்தபோது, அவர்களும் அதையே சொன்னார்கள். ஒவ்வொருவரும் அடுத்தவர்தான் தூக்கினார் என்று நம்பினார்கள். அந்தக் கோபத்தில் ஒருவரோடொருவர் பேசவில்லை; பேசாததனால் கேட்டுக்கொள்ளவும் இல்லை. சபை பெருமைப்பட்டுக்கொண்ட வழக்கம் இந்த வேலை பார்த்திருந்தது.

சுகிர்தம் இதை அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்தாள்.

கல்லூரி ஆண்டு விழா வந்தது. சென்னகிருஷ்ணன் கழுத்து மாலையோடு சோதனைச்சாலையைப் பார்க்க வந்தார். பெரிய குரல், பெரிய உடம்பு. ஒளித்துவைத்துப் பேசத் தெரியாதவர். கோபாலசாமி அவளை அறிமுகம் செய்தார்.

"அட, பாக்கியநாதன் மவளா! உங்கப்பா லேசுப்பட்ட ஆளில்லம்மா. புரட்டாசியிலயே என்ற ஊட்டுக்கு வந்துட்டாரு. கோயிலு உங்களுக்கு வந்துருமுங்க, சபைய நான் பாத்துக்கறனுங்க, எம் புள்ளைக்கு மட்டும் ஒரு எடம் போட்டுக் குடுங்கன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஏனுங்க, பஸ்ட் கிளாஸ்ல பாஸ் பண்ணுன புள்ளைக்கு இதக் கேக்கோணுமா, அப்ளிகேசன் போட்டா நாங்களே கூப்புட்டுக் குடுப்பமேன்னேன்." வயிறு குலுங்கச் சிரித்தார். "பெத்தவனுக்குத்தானே தெரியும் பெத்த பாடு. நல்லாப் பாடம் சொல்லிக் குடும்மா."

அவர் போனபின் சுகிர்தம் சோதனைக் குழாய்களைக் கழுவத் தொடங்கினாள். அது ரசாக்கின் வேலை. ரசாக் பார்த்துக்கொண்டே நின்றார், தடுக்கவில்லை.

புரட்டாசியில் பேசி முடித்துவிட்டார். அறுப்பு நோம்பி கார்த்திகையில்.

அன்று சாயங்காலம் வீட்டில் அம்மா அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சுகிர்தம் கைப்பையை மாட்டுவதற்கு முன்னாலேயே கேட்டாள்.

"ஏனுங்கப்பா, நோம்பி அன்னிக்கு எத்தன கைங்க?"

"எந்த நோம்பி?"

"கோயிலக் குடுத்த நோம்பிங்க."

"அதெல்லாம் இப்ப ஆரு எண்ணி வெச்சிருக்கறாங்க."

"எண்ணறதுக்குத்தானுங்களே உங்கள மட்டும் கண்ண முழிச்சிருக்கச் சொன்னாங்க."

பாக்கியநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மறுபடி கழற்றினார். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். அந்த நேரத்தில் ஒரு பொய் அகப்படவில்லை போலிருக்கிறது.

"ஒண்ணு," என்றார்.

"ஆரோடதுங்க?"

"உன்றதுதான்."

அம்மாவின் கை நின்றது. "அப்ப எல்லாருக்கும் சம்மதம்னு சொன்னீங்களே?" என்றாள் அம்மா. "நான் தூக்கலீங்க. எல்லாருந்தான் தூக்கறாங்களே, நான் ஒருத்தி தூக்காட்டி என்னன்னு இருந்துபோட்டேன்."

"நீ செத்த சும்மாரு." அவர் மகளைப் பார்த்துப் பேசினார். "கூரை விழுந்து நாலு பேரு செத்திருந்தா ஆரு பதில் சொல்றது? நல்லதுதான் அம்மணி செஞ்சேன். சத்தியமாச் சொல்றேன், ஒரு கைகூட இல்லாமப் போயிருந்தா நான் விட்டுப்போட்டிருப்பேன். கண்ணத் தொறந்து பாக்கறேன், நடுவுல ஒரு கை. அதும் உன்ற கை. கர்த்தரே வழி காட்டறாருன்னு நெனச்சேன்."

"நீங்கதானுங்கப்பா என்னையத் தூக்கச் சொன்னீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உரித்த அவரைத் தோலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுகிர்தத்துக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு யோசனைதான் திரும்பத் திரும்ப வந்தது. கையை உயர்த்தியபோது அவள் கண்ணை மூடியிருந்தாள். அவர் திறந்திருந்தார். அத்தனை பேர் தலை குனிந்திருக்க, ஒன்றும் அறியாமல் மேலே நின்ற தன் கையை அவர் பார்த்துக்கொண்டேயிருந்திருக்கிறார். இறக்கிக்கொள்ளுங்கள் என்று பன்மையில் சொல்லியிருக்கிறார்.

அவள் விசாரித்தது சும்மா போகவில்லை. அவள் கேட்டதைச் சாமுவேல் தையல்காரரிடம் சொல்ல, அவர் டீச்சரிடம் கேட்க, பேசாதவர்கள் பேசத் தொடங்கிவிட்டார்கள். அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் சாமுவேல் எழுந்து நின்றார்.

"ஒரு சந்தேகமுங்க செயலாளரே. நானும் தூக்கலீங்க, டீச்சரம்மாவும் தூக்கலீங்களாம். கேக்கறவங்க ஆருமே தூக்கலீங்கறாங்க. கை தூக்குனாங்களா இல்லீங்களா?"

"தூக்கினாங்க," என்றார் பாக்கியநாதன்.

"ஆருன்னு சொல்லுங்க."

"ஜெபத்துல நடந்தத வெளிய சொல்ற வழக்கம் நம்ம சபைல இல்லீங்களே."

"சரி, அவியளே எந்திரிக்கட்டும்," என்றார் டீச்சர். "கர்த்தருக்கு மின்னால தூக்குன கை தானே. எங்களுக்கு மின்னால என்ன வெக்கம்?"

பக்கத்துப் பட்டறையில் இரும்பு கிறீச்சிட்டது. சுகிர்தம் அப்பாவைப் பார்த்தாள். அவர் இப்போது சொல்லிவிடுவார் என்று நினைத்தாள். ஒரு கைதான் இருந்தது, அதையும் நான்தான் தூக்கச் சொன்னேன் என்று இரண்டு வாக்கியம். அவர் பாட்டு எண்கள் மாட்டுகிற பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

சுகிர்தம் எழுந்தாள். அத்தனை பேர் முன்னால் அவள் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

"நான் தூக்கினேனுங்க," என்றாள்.

"அதானே!" என்றார் டீச்சர்.

"யூதாசுக்கு முப்பது வெள்ளி. நம்ம அம்மணிக்கு லேபுல ஒரு ஸ்டூலு," என்றார் சாமுவேல். யாரோ சிரித்தார்கள். மற்றக் கைகள் போத்தனூர்க்காரர்களுடையதாய் இருக்கும், அதனால்தான் அவ்வளவு சீக்கிரம் சபை மாறினார்கள் என்று பின்பெஞ்சில் ஒருவர் கணக்கு முடித்தார். எல்லாருக்கும் அது சரியாகப்பட்டது.

சுகிர்தம் நின்றுகொண்டே இருந்தாள். மீதியை அப்பா சொல்வார். சொல்லத்தான் வேண்டும்.

பாக்கியநாதன் கையை உயர்த்தி அமைதியாக இருக்கச் சொன்னார். "போனது போகட்டுமுங்க," என்றார். "சின்னப் புள்ள. எதோ தெரியாமச் செஞ்சுபோட்டுது. மன்னிக்கறதுதானுங்களே நமக்குக் கட்டளை."

சபை அவளை மன்னித்தது. வெளியே வரும்போது டீச்சர்கூட அவள் தோளைத் தட்டினார்.

வீட்டுக்குப் போகிற வழியில் அவள் முதல் தடவையாக அப்பாவுக்கு முன்னால் நடந்தாள். அவர் வேகமாக நடந்து வந்து பக்கத்தில் சேர்ந்துகொண்டார்.

"போய்ச் சொல்லுங்கப்பா. இப்பவே திரும்பிப் போய்ச் சொல்லுங்க."

"சொன்னா என்ன ஆகும்னு தெரியுமா? அப்புறம் இந்தச் சபைல நான் தலை நிமுந்து நடக்க முடியுமா? இத்தன வருசமா வாங்குன பேரு." மூச்சு வாங்கியது அவருக்கு. "நீ பொட்டப்புள்ள கண்ணு. நாளைக்கே கல்யாணமாயி வேற சபைக்குப் போயிருவே. உன்னோட சேந்து இதும் போயிரும். நான் இங்கதானே கெடக்கோணும்."

அவர் அதைக் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. பாரத்தை யார் தலையில் வைத்தால் சுலபமாகத் தூரப் போகும் என்று யோசித்துத்தான் சொன்னார். சுகிர்தத்துக்குக் கோயிலைக் கொடுத்ததுகூட அப்போது சின்ன விஷயமாகத் தெரிந்தது.

சொன்னபடியே அவர் மாப்பிள்ளை தேடினார். வேகமாகத் தேடினார். மழைக்காலம் கழிந்து ஈரோட்டிலிருந்து ஒரு வரன் வந்தது. பையன் ரயில்வேயில் எழுத்தர். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் பையனும் பையனின் அம்மாவும் மாமாவும் வந்தார்கள். ஒறம்பரை, விருந்தாளிகள், வந்திருக்கிறது என்று அம்மா பக்கத்து வீட்டில் வெள்ளிப் பூண் போட்ட தம்ளர்கள் இரவல் வாங்கி வந்தாள். மாமா ஜெபம் செய்து தொடங்கிவைத்தார். சுகிர்தம் காப்பித் தட்டோடு வந்தாள்.

பையனின் அம்மா நல்ல மாதிரி. ஒரு வாய் குடித்துவிட்டு, "காப்பி நல்லாருக்குது கண்ணு," என்றாள். பிறகு பாக்கியநாதனைப் பார்த்து, "ஏனுங்க, வெள்ளக்காரன் கோயில வித்துப்போட்டீங்களாமா? என்ற கல்யாணமே அங்கதானுங்க நடந்துது. வர்ற வழியில வண்டிய நிறுத்திப் பாத்தேன், கெணத்துக்குள்ள எட்டிப் பாத்த மாதர நெஞ்சு பக்குனு இருந்துது. அப்படி என்னங்க அவசரம்?" என்று கேட்டாள்.

"காலம் அப்படிங்க," என்றார் பாக்கியநாதன். "நம்ம கையில என்ன இருக்குது? சபையார் தீர்மானமுங்க."

சுகிர்தம் தட்டைக் கீழே வைத்தாள்.

"சபையார் தீர்மானம் இல்லீங்க," என்றாள்.

பையன் அப்போதுதான் முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தான்.

"ஆருமே சம்மதிக்கலீங்க. எங்கப்பா எனக்கு வேலை கேட்டுப்போட்டு, கோயிலக் குடுக்கறேன்னு மின்னாலயே சொல்லிப்போட்டாருங்க. கண்ண மூடிட்டுக் கை தூக்கச் சொன்னப்ப நான் ஒருத்திதான் தூக்கினேனுங்க. எல்லாருக்கும் சம்மதம்னு எங்கிட்டச் சொன்னாரு. அந்த ஒரு கையப் பாத்துச் சபையோட சித்தம்னுட்டாருங்க. அப்புறம் சபைல கேட்டப்ப, நான்தான் குடுத்தேன்னு எல்லாரும் நெனச்சாங்க. இவரும் அங்கதானுங்க இருந்தாரு. ஒண்ணும் சொல்லலீங்க."

குரல் உயரவில்லை. மாணவர்களுக்குச் செய்முறை சொல்லித்தருவது போல ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். சொல்லி முடித்ததும் என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.

மாமா தொண்டையைச் செருமினார். பையனின் அம்மா காப்பியை முழுவதும் குடித்தாள். வீணாக்கக்கூடாது என்று நினைத்தாளோ, அல்லது யோசிக்க நேரம் வேண்டியிருந்ததோ. தம்ளரை மெள்ள வைத்துவிட்டு, "ரயிலுக்கு நேரமாச்சுங்க," என்றாள். வாசல் வரைக்கும் போய், திரும்பி, சுகிர்தத்தின் கன்னத்தை ஒரு விரலால் தொட்டாள். முடிவு ஜெபம் செய்யாமலே போய்விட்டார்கள்.

அந்த அம்மாளின் நாத்தனார் போத்தனூர்ச் சபையில் இருக்கிறாள். போத்தனூரில் தெரிந்தால் கணபதியில் தெரிந்த மாதிரிதான். விடிந்தால் ஞாயிறு. இந்த வாரம் இல்லாவிட்டால் அடுத்த வாரம்.

பாக்கியநாதன் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். சட்டைக் கையின் பித்தானைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"அத்தனையும் உனக்காகத்தானே அம்மணி செஞ்சேன்," என்றார்.

"எனக்காகக் கேக்கவே வேண்டியதில்லீங்கப்பா. சும்மாவே குடுத்திருப்பாங்களாமா. முதலாளியே சொன்னாரு."

அவர் அதை இதுவரை மறந்திருந்தார் போலும். அல்லது நினைக்காமல் இருந்திருக்கலாம். கடைசியில் கேட்டார்:

"இனி எந்த மூஞ்சிய வெச்சுட்டு நான் அந்தக் கோயிலுக்குப் போறது?"

"நான் இத்தன நாளாப் போய்ட்டுத்தானுங்களே இருக்கறேன்," என்றாள் சுகிர்தம்.

அம்மா வந்து, யாரும் தொடாத மிக்சர் தட்டை எடுத்து, டப்பாவில் திருப்பிக் கொட்டினாள்.